கடைசி பெஞ்சு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. குமரி மாவட்டம். கோர்ட்டில் இருவர் சம்மதத்தோடு விவாகரத்து ஆகி மூன்று வருடம் ஆகிறது. ஆறு வயதில் ஒரு மகள். அவர் கல்யாணத்துக்கு முன்பே குடிக்காக இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் இருந்தவர். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எங்களிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள். இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. முதல் கல்யாணம் செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் (ஆயரின் கோயில் நீதிமன்றம்) சொல்லாமல் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது என்கிறார் ஃபாதர். அது செல்லாது என்றால் என் மகள் யார்? இது பணம் உள்ளவர்கள் சுற்றுவழியில் வாங்கும் விவாகரத்துதானே? ஆண்மையில்லை என்று எழுதினால் சீக்கிரம் முடியும் என்கிறார் உறவினர் ஒருவர். விவாகரத்துக்குப் பிறகு நான் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதில்லை. பூசைக்கு மட்டும் போய் வருகிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இருவரில் ஒருவராவது மெய்யான கல்யாணம் என்று நம்பிச் செய்திருந்தால் போதும், பின்னால் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் பிள்ளை முறையான பிள்ளைதான். திருச்சபைச் சட்டத்தில் 1137-வது எண். இதற்காக இனி ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெடாதீர்கள்.

ஆண்மையில்லை என்று எழுதச் சொன்ன உறவினரிடம், அந்த ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இன்னொரு தடவை யோசனை கேளுங்கள். தீர்ப்பாயத்தில் கல்யாணக் கட்டைக் காப்பதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். 1741-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் ஏற்படுத்திய பதவி அது. உங்கள் கல்யாணம் செல்லும் என்பதற்கு என்னென்ன சொல்லலாமோ அத்தனையும் எடுத்து வைப்பது அவர் வேலை. அவரிடம் போய் இந்தக் கதையா? உங்களுக்குப் பொய்யே தேவையில்லை அம்மா. குடும்ப வாழ்க்கையையே குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால் அந்தக் கல்யாணம் செல்லாது என்கிறது 1098-வது எண். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கல்யாணம் பின்னால் எப்படிக் கெட்டது என்பதல்ல அவர்கள் கேள்வி. பீடத்துக்கு முன்னால் நின்று நீங்கள் சம்மதம் சொன்ன அன்றைக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்பதுதான். விவாகரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

பணக்காரர்கள் சமாசாரம் பழைய புலம்பல். செல்லாது என்ற தீர்ப்பை இன்னொரு தீர்ப்பாயமும் ஒத்துச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் 2015 டிசம்பரிலிருந்து இல்லை, ஒன்றே போதும். கூடியவரை இலவசமாக நடத்தச் சொன்னவரும் பாப்பரசர் பிரான்சிஸ்தான். அப்புறம், கோர்ட்டுத் தீர்ப்பை முதலிலேயே வாங்கியது நல்லதாயிற்று. கோயில் தீர்ப்பு மட்டும் கையில் இருந்தால் சர்க்கார் சட்டத்தில் அது எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

இதெல்லாம் உங்கள் பங்குத்தந்தையே சொல்லக்கூடியவை. நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி இரண்டு வரிக்காக.

நன்மை வாங்குவதில்லையாம்! வாங்கக்கூடாது என்று உங்களிடம் யார் சொன்னது? ஃபாதர் சொன்னாரா, ஆயர் சொன்னாரா? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களாகவே தீர்ப்பு எழுதி, நீங்களாகவே மூன்று வருடம் அனுபவித்துவிட்டீர்கள். விவாகரத்து ஆனதே ஒருவரை நன்மையிலிருந்து தள்ளி வைக்காது. முதல் கட்டு இருக்கும்போதே கோயிலுக்கு வெளியே இன்னொரு கல்யாணம் செய்தவர்களைப் பற்றித்தான் இத்தனை சண்டையும். மறுமணம் செய்யாமல் இருப்பவருக்குத் தடையில்லை என்று 1981-இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கடைசி பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம்.

என் சித்தி அந்தப் பெஞ்சில் 26 வருடம் நன்மை வாங்காமல் இருந்தாள். 1971-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புத்தி சரியில்லாமல் புளியம்பட்டி அந்தோனியார் கோயிலில் மாதக்கணக்கில் வைத்திருந்ததைச் சொல்லாமல் கட்டி வைத்துவிட்டார்கள். அடி தாங்காமல் எட்டாவது மாதம் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. ஏமாற்றுக்கென்று தனியாக ஒரு விதி 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பில்தான் வந்தது. சர்க்காரின் 1869-ஆம் வருடச் சட்டத்தில், மனைவி வேறொருவனோடு போனாள் என்று மட்டும் நிரூபித்தால் ஆணுக்கு விவாகரத்து கிடைக்கும். பெண்ணுக்கு அடி உதை மட்டும் போதாது. 2001-இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆக சித்தி விவாகரத்தே வாங்கவில்லை, மறுகல்யாணமும் இல்லை. ஆனாலும் நன்மைக்குப் போகமாட்டாள்.

பூசையில் நான் அவள் பக்கத்தில்தான் இருப்பேன். நன்மைக்கு வரிசை கிளம்பியதும் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு, மற்றவர்கள் போக வழி விட்டு இரண்டு காலையும் பக்கவாட்டில் மடக்கிக்கொள்வாள். திரும்பி வருகிறவர்களுக்கும் அப்படியே ஒரு மடக்கு. புதுநன்மை வாங்கிய வருடம் நான் கேட்டேன், “நீ வரலியா சித்தி?” “நீ போ மக்ளே” என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். எத்தனை பங்குத்தந்தைகள் அந்த வரிசையில் அவள் இல்லாததைப் பார்த்திருப்பார்கள்! ஒருவர்கூட இறங்கி வந்து கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. வீட்டில் நாங்களும்தான் கேட்கவில்லை.

1998-இல் ஒரு இளம் சாமியார் வந்தார். பூசை முடிந்ததும் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து கேட்டார், விவரத்தையும் சொன்னார். சித்தி சிரித்தாள். “சாமி சொன்னா போதுமா? ஊரு சொல்லாண்டாமா?”

ஆனால் அந்த வாரமே செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைப் பூசைக்குப் போனாள். மொத்தமே ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். போனதையும் நன்மை வாங்கியதையும் யாரிடமும் சொல்லவில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வாரநாள் பூசை ஒன்றுவிடாமல் போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசிவரை அதே பெஞ்சுதான், காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டு.