ஓப்பன்என்எம்எஸ் இணைய முகப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஓப்பன்என்எம்எஸ் (நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருள்) நிர்வாகப் பொறுப்பு புதிதாக என்னிடம் வந்திருக்கிறது. உலாவியில் திறந்தால் ஏகப்பட்ட மெனுக்கள். எதை முதலில் கற்பது?

மெனுக்களை வரிசையாகத் திறந்து பார்க்கும் வேலையை விட்டுவிடுங்கள். அவை இருக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஈவென்ட், அலாரம், அவுட்டேஜ், நோட்டிஃபிகேஷன் ஆகிய நான்கும் எதற்கு என்று முதலில் பிரித்தறியுங்கள். அது பிடிபட்டால் எந்தப் பக்கத்துக்கு எப்போது போவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஈவென்ட் பக்கத்தில் எல்லாமே பதிவாகும். ரவுட்டர் விழுந்ததும் அங்கே இருக்கும், நீங்கள் சற்று முன் லாகின் செய்ததும் இருக்கும். காலையில் வந்தவுடன் அதைத் திறந்தால் தலை சுற்றும். அலாரம் பக்கத்தைத் திறங்கள். ஒரே சாதனத்திலிருந்து ஒரே பிரச்சினை நூறு முறை வந்தாலும் அங்கே ஒரே வரிதான். எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை அந்த வரியிலேயே இருக்கும். அலாரத்தை அக்னாலெட்ஜ் செய்தால் 'நான் கவனித்துவிட்டேன்' என்று மட்டுமே பொருள்; கோளாறு அப்படியேதான் இருக்கும். அவுட்டேஜ், ஒரு சேவை எப்போது நின்றது, எப்போது மீண்டது என்ற கணக்கு. நோட்டிஃபிகேஷன், யாருக்குச் சொல்லப்பட்டது என்ற கணக்கு.

இன்னொன்று: நோட் என்றால் கண்காணிக்கப்படும் சாதனம். 'நோட் டவுன்' என்று வந்தால் சாதனமே எட்டவில்லை. 'நோட் லாஸ்ட் சர்வீஸ்' என்றால் சாதனம் உயிரோடு இருக்கிறது, அதில் ஒரு சேவை மட்டும் நின்றிருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சர்வர் அறைக்கு ஓடுபவர்கள் அதிகம்.

குறிப்பிட்ட ஒரு சாதனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தேடலில் அதன் பெயரையோ ஐபி முகவரியையோ கொடுத்து நோட் பக்கத்துக்கே போய்விடுங்கள். கடந்த 24 மணி நேரத்தின் நிலை, அண்மை ஈவென்ட்கள், அளவீட்டு வரைபடங்களுக்கான (கிராஃப்) இணைப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும். இந்த முகப்பிலேயே நன்றாக வடிவமைத்த பக்கம் அதுதான் என்பேன். வரைபடங்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை: இயல்பான அமைப்பில் ஐந்து நிமிட அளவீடுகள் ஏறத்தாழ ஒரு வாரமே தங்கும், அதன்பின் மணிக்கணக்கு சராசரிதான். போன மாதத்துத் திடீர் ஏற்றம் இன்று பார்த்தால் சிறு மேடாகத் தெரியும்.

புதிய சாதனத்தைச் சேர்க்கும்போது நிர்வாகப் பகுதியில் வரிசை முக்கியம். முதலில் எஸ்என்எம்பி (சாதனங்களிடமிருந்து அளவீடுகளைக் கேட்டுப் பெறும் நெறிமுறை) கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கை, அதாவது அதற்கான கடவுச்சொல் போன்ற சொல்லை, பதிவு செய்யுங்கள், பிறகு ரெக்விசிஷனில் (கண்காணிக்க வேண்டிய சாதனங்களின் பட்டியல்) சாதனத்தைச் சேருங்கள், பிறகு சிங்க்ரனைஸ் பட்டனை அழுத்துங்கள். கடைசி அடியை விட்டால் சேர்த்த சாதனம் எங்கும் தென்படாது. முதல் அடி தவறினால் சாதனம் வரும், பிங்கும் (சாதனம் பதிலளிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வேலை செய்யும், எஸ்என்எம்பி வரைபடங்கள் மட்டும் வராது.

பராமரிப்பு வேலை இருந்தால் 'ஷெட்யூல்டு அவுட்டேஜஸ்' பக்கத்தில் அந்தச் சாதனங்களுக்கு மட்டும் நேரம் குறியுங்கள். எல்லா நோட்டிஃபிகேஷனையும் ஒட்டுமொத்தமாக அணைக்கும் வசதியும் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. அணைத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார், திரும்ப இயக்க யாருக்கும் நினைவிருக்காது.

இயல்பாக வரும் அட்மின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். திரையை வெறுமனே பார்க்க வேண்டியவர்களுக்குத் தனிக் கணக்கு உருவாக்கி, ரீட்ஒன்லி உரிமை கொடுத்தால் போதும்.