இரண்டாம் புத்தகம் ஏன் இப்படி ஓடுகிறது?

கேள்வி: என் மகன் தரம் 9 படிக்கிறான். ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தை ஒரு மாதத்துக்கு மேல் இழுத்து இழுத்து வாசித்தவன், இரண்டாவதை இரண்டே இரவில் முடித்துவிட்டான். சும்மா பக்கத்தைப் புரட்டுகிறானோ? இல்லை, அந்தப் புத்தகத்தில்தான் விஷயம் குறைவா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. விஷயமும் குறையவில்லை, பக்கமும் குறையவில்லை, இரண்டாவது புத்தகம் முதலாவதைவிடக் கொஞ்சம் நீளம்கூட. முதல் புத்தகத்தில் ஹாரிக்கு எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. மந்திரக்கோல் எங்கே வாங்குவது, யாரை எந்த விடுதியில் போடுவார்கள், துடைப்பத்தில் பறந்து விளையாடுவதற்கு என்ன விதி என்று ஒவ்வொன்றாகப் பழக வேண்டியிருக்கிறது. புது ஊருக்குக் குடிபோனால் கடைத்தெரு பிடிபடவே ஒரு மாதம் ஆகிறதே, அப்படித்தான்.

மந்திரப் பள்ளிக்குப் போகும் ரயிலைப் பிடிக்க ஊடுருவிப் போக வேண்டிய அந்த ரயில் நிலையத்துச் சுவரையே பாருங்கள். முதல் புத்தகத்தில் அதற்குள் எப்படிப் புகுவது என்று சொல்லித்தர ஒருவர் தேவைப்பட்டது. இரண்டாவதில் அதே சுவர் வழிவிடாமல், ஹாரி தள்ளுவண்டியோடு போய் முட்டி விழுகிறான். எந்த விளக்கமும் இல்லாமலே நமக்கு நெஞ்சு பக்கென்கிறது, ஏனென்றால் அது வழிவிடும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த விதி உடையும்போது வருகிற வேகம் இது. முதல் புத்தகம் பொறுமையாக நடந்திருக்காவிட்டால் இது வந்தே இராது.

மாயாஜாலம் இல்லாத நம் பொன்னியின் செல்வனிலும் இதே கதைதான். முதல் பாகம் 57 அத்தியாயம், இரண்டாம் பாகமான சுழற்காற்று 53, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சுழற்காற்றை நான் வாசித்தது ஒரு மார்கழியில், கரண்ட் இல்லாத இரவில், திருகோணமலை டச்சு பே பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்க, விளக்கைக் கிட்ட இழுத்துவைத்துக்கொண்டு. வந்தியத்தேவன் யார், எப்படிப்பட்ட அவசரக்காரன் என்பதெல்லாம் முதல் பாகத்திலேயே மனதில் பதிந்துவிட்டதால், அவன் கோடிக்கரையில் படகேறியதும் நானும் கூடவே ஏறிவிட்டேன். தம்புள்ளை, அநுராதபுரம் என்று நாம் பஸ்ஸில் போகிற இடங்கள் வேறு வருகின்றனவா, விடிந்தது தெரியவில்லை!

சரி, வேகத்தில் சில நுணுக்கங்கள் தவறத்தான் செய்யும். அதற்காகத் தம்பியை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும். லீவு வரும்போது ஒருதரம் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக அந்தப் பழைய டயரி வருகிற இடங்களை. அதற்கு ஆறாவது புத்தகத்தில் ஒரு பெரிய வேலை இருக்கிறது. அதை மட்டும் இப்போதே அவனிடம் சொல்லிவிடாதீர்கள், அம்மா.