பழைய ஃப்ளாஷ் கைப்பிடியும் புதிய லைட்சேபரும்: வாசகர் கேள்வி–பதில்

1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு செட் அலங்காரம் செய்தவர் ரோஜர் கிறிஸ்டியன். லண்டன் கிரேட் மார்ல்பரோ தெருவில் ஒரு கேமரா கடையில், தூசி படிந்த பெட்டிக்குள் கிராஃப்லெக்ஸ் ஃப்ளாஷ் கைப்பிடிகள் அவருக்குக் கிடைத்தன. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஸ்பீடு கிராஃபிக் கேமராவோடு பிடித்துக்கொண்டு அலைந்த அதே கைப்பிடி. அதில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கால்குலேட்டரின் லென்ஸ் பட்டை ஒன்றைச் செருகியதும் படத்தின் நாயகன் லூக்கின் லைட்சேபர், அதாவது ஒளிவாள், தயார். இன்றும் அதே பழைய பாகங்களைத் தேடிப்பிடித்து அதைக் கையால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முறை அவர்களுடைய கடிதங்கள்.

கேள்வி: ‘மூன்று செல் கிராஃப்லெக்ஸ்’ என்று விற்றவர் விளம்பரத் தலைப்பில் போட்டிருந்தார். வந்தது குட்டையாக இருக்கிறது, இரண்டு பேட்டரிதான் போகிறது. கேட்டால் “படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார். (டொராண்டோ)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. படத்தை வைத்து நீளத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, அதற்காகத்தான் தலைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஒரு டி-செல் பேட்டரி ஏறக்குறைய 61 மில்லிமீட்டர். மூன்றை அடுக்கினால் 18 சென்டிமீட்டரைத் தாண்டும். கைப்பிடியையும் மூன்று பேட்டரிகளையும் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். வாங்கிய இணையதளத்தில் திருப்பி அனுப்பும்போது காரணமாக ‘விவரித்தபடி இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்று போட்டால் தபால் செலவு உங்கள் தலையில் விழும். விற்றவரோடு தனியாகப் பேசிப் பேசி நாளைக் கடத்தாதீர்கள். அவர் நாளைக் கடத்துவதே கெடு முடியட்டும் என்றுதான்.

கேள்வி: ஹெய்லண்ட் என்ற வேறு கம்பெனியின் ஃப்ளாஷ் கைப்பிடி பாதி விலைக்குக் கிடைக்கிறது. பார்க்க ஒரே மாதிரிதானே? (சிங்கப்பூர்)

பதில்: இல்லை. நல்ல பொருள்தான், ஆனால் லூக்கினுடையது கிராஃப்லெக்ஸ்.

கேள்வி: ‘அசல் விண்டேஜ்’ என்று போட்டிருக்கிறார்கள், விலை சில நூறு டாலர். நம்பி வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்? (நியூ ஜெர்சி)

பதில்: இதைப் பற்றி நான் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ‘அசல்’ என்று எழுதுகிறார்களே, எது அசல்? இந்தக் கைப்பிடி ஒரே துண்டு அல்ல. மேல்குழாய், கீழ்க்குழாய், நடுவில் கேமராவோடு சேர்த்துப் பிடிக்கும் க்ளாம்ப், சிவப்புப் பொத்தான், கண்ணாடிக் கண், அடிமூடி என்று பல பாகங்கள். இதில் எதையும் கழற்றிவிட்டு நகலை மாட்டலாம். நகல் செய்கிறவர்கள் இப்போது அவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்கும்வரை அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம், கீழ்க்குழாய் மட்டும் பழசாக இருக்க, மற்றதெல்லாம் போன வருஷம் கடைந்ததாக இருக்க, முழுசையும் ‘அசல்’ என்று அசல் விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் மேல்தான். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. க்ளாம்ப் நகல். விற்றவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாரக்கணக்கில் இழுத்து, படங்களை அடுக்கிக் காட்டித்தான் பணத்தை மீட்டேன்.

அதனால் விளம்பரத்தில் அடிப்பக்கத்துப் படம் இல்லையென்றால் கேளுங்கள். மேலிருந்து, பக்கவாட்டில், வெல்வெட் துணியில் என்று வளைத்து வளைத்துப் படம் எடுத்தவர் அடியை மட்டும் விட்டிருக்கிறார் என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. அடிமூடியில் கம்பெனிப் பெயரும் ராச்செஸ்டர் ஊர்ப் பெயரும் அச்சு குத்தியிருக்கும். பழையவற்றில் ஃபோல்மர் கிராஃப்லெக்ஸ் என்று இருக்கும், 1945-க்குப் பிந்தியவற்றில் வெறும் கிராஃப்லெக்ஸ். பெல்ட்டில் தொங்கவிடும் வளையத்துக்காக யாராவது அங்கே ஓட்டை போட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். கண்ணாடி மாதிரி மின்னுவதும் நல்ல அறிகுறி இல்லை. உள்ளே இருப்பது பித்தளை, மேலே முலாம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் விளிம்புகளில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். போன முலாம் போனதுதான்.

கடைசியாக ஒன்று. பாகம் பாகமாகப் பெயர் சொல்லி, எது பழசு, எது மாற்றியது என்று எழுத்தில் கேளுங்கள். “எனக்குத் தெரிந்தவரை எல்லாம் அசல்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நேர்மையான விற்பனையாளர் “பொத்தான் மாற்றியது, மற்றது பழசு” என்று தானாகவே சொல்வார். அவருக்கு நாலு காசு கூடக் கொடுத்தாலும் தகும்.

கேள்வி: கீழ்க்குழாயில் பழைய பேட்டரிகள் ஊறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுத்தியலால் தட்டியும் வரவில்லை. (மெல்பர்ன்)

பதில்: முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். குழாய் நசுங்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பேட்டரியின் ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் தலைகீழாகப் பிடித்து மரப்பலகையில் மெல்லத் தட்டுங்கள். வெளியே வந்ததும் பேட்டரியின் வகையைப் பாருங்கள். அல்கலைன் கசிவு காரம், அதற்கு வினிகர் நனைத்த துணி. பழைய துத்தநாக-கார்பன் பேட்டரியின் கசிவு அமிலம், அதற்கு சமையல் சோடா கலந்த தண்ணீர். எதுவானாலும் துடைத்து உடனே உலர்த்துங்கள், ஊறப்போடாதீர்கள். ‘உள்ளே சுத்தம்’ என்று சொல்லி விற்றிருந்தால் இதில் எதையும் செய்யாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: லென்ஸ் பட்டைக்காக வேலை செய்கிற எக்ஸாக்ட்ரா கால்குலேட்டர் ஒன்றை வாங்கி உடைக்கலாமா? தனிப் பட்டையே வாங்கினால் போதுமா? (லண்டன்)

பதில்: ஓடாத ஒன்றைத் தேடுங்கள், கிடைக்கும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த அந்தக் கால்குலேட்டரில் எண்கள் மிகச் சின்னதாக எரியும். அதைப் பெரிதாக்கிக் காட்டத்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குமிழ் லென்ஸ். ஐம்பது வருஷம் கழித்தும் சரியாகக் கூட்டுகிற பொருளை ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காக உடைக்க எனக்கு மனசு வராது. தனிப் பட்டை வாங்குவதானால், அது கழற்றப்பட்ட கால்குலேட்டரையும் சேர்த்துப் படம் கேளுங்கள். ‘கழற்றி எடுத்தது’ என்று எனக்கு ஒருவர் விற்றது ரெசின் வார்ப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. அந்தப் பணம் திரும்பவில்லை.

கேள்வி: கேமரா, ஃப்ளாஷ், பெட்டி எல்லாம் சேர்ந்த ஸ்பீடு கிராஃபிக் செட் கிடைத்தது. கைப்பிடியை எடுத்துக்கொண்டேன். மீதியை எங்கே போடுவது? (கலிஃபோர்னியா)

பதில்: போடுவதா? அந்தக் கேமராவில் 4×5 அங்குல ஃபிலிம் போட்டு இன்றும் படம் எடுக்கிறார்கள். வாங்குமுன் என்ன வாங்குகிறோம் என்று பார்க்க மாட்டீர்களா? ஷட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள், ‘கைப்பிடி இல்லை’ என்று தெளிவாக எழுதி விற்றுவிடுங்கள். உங்கள் செலவில் நல்ல பங்கு திரும்பி வந்துவிடும்.

கேள்வி: விற்பனையாளர் கமிஷன் மிச்சம் என்று ‘நண்பர்கள், குடும்பம்’ வழியில் பேபாலில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஆள் காணவில்லை. (பாரிஸ்)

பதில்: அந்த வழிக்கு பேபாலின் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. முன்பின் தெரியாதவர் எப்போது உங்கள் குடும்பமானார்? கார்டிலிருந்து போன பணம் என்றால் வங்கியில் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்டுப் பாருங்கள், நிச்சயமில்லை. போலீஸில் புகாரும் கொடுங்கள், அடுத்தவராவது தப்பிக்கட்டும். விற்றது திருடன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கமிஷனை மிச்சம் பிடிக்கச் சொல்கிறவரிடம் இனி எதுவும் வாங்காதீர்கள்.

கேள்வி: அதே படத்தில் வரும் ஓபி-வான் பாத்திரத்தின் லைட்சேபரின் தலைப்பகுதி, முதல் உலகப் போர்க் காலத்தில் ரைஃபிளிலிருந்து ஏவிய கிரனேட் குண்டு. சந்தையில் ஒன்று பார்த்தேன், ‘செத்த குண்டு’ என்கிறார் கடைக்காரர். வாங்கி, சென்னையில் இருக்கும் தம்பி மகனுக்கு விமானத்தில் எடுத்துப்போகலாமா? (லெஸ்டர்)

பதில்: கூடாது. செத்ததா இல்லையா என்பதை வெடிபொருள் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. சந்தேகமாக ஒன்று கையில் வந்துவிட்டால் துளை போடாமல், தேய்க்காமல், நகர்த்தாமல் போலீஸைக் கூப்பிடுங்கள். வெற்று ஓடு என்றே வைத்துக்கொண்டாலும் விமான நிலையச் சோதனையில் அது குண்டுதான். கைப்பையானாலும் பெட்டியானாலும் பிடித்துவைப்பார்கள். அலுமினியத்தில் கடைந்த நகல் தலை கிடைக்கிறது, தம்பி மகனுக்கு அதை வாங்குங்கள். அசல் பாகம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றால் அதே லைட்சேபரின் அடியில் இருக்கும் குழாய்த் திருகைத் தேடுங்கள். ஆர்மிடேஜ் ஷாங்க்ஸின் ஸ்டார்லைட் வகை. பிரிட்டனில் பழைய குளியலறைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், எடுத்துப்போவதிலும் சிக்கலில்லை.