தூணும் மைலோ டின்னும்

கேள்வி: மின்சாரம், எண்ணெய் என்று நாம் செலவழிப்பதால் வரும் கார்பன் உமிழ்வைக் குறைக்க அரசாங்கச் சட்டம் உதவுமா? மக்களுக்கு விழிப்புணர்வு வந்தால் போதாதா?
- ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: 'உமிழ்வு' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் வெற்றிலை போட்டவராக இருக்க முடியாது. உமிழ்வது வாய் செய்கிற வேலை. 'புகை' என்றே எழுதலாமே என்று இந்தப் பக்கத்தில் பல வருடமாகக் கத்துகிறேன். கரிவளி (கார்பன் டையாக்சைடு) கண்ணுக்குத் தெரியாது, அது புகை ஆகாது என்று ஓர் அறிவியல் வாத்தியார் அத்தனை வருடமாக மறுப்பு அனுப்புகிறார். (அவர் சொல்வது சரிதான். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?)

சரி, உமிழ்வுக்கே வருகிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது, சம்பள நாளில் தோட்டத்துக் கிழவிகள் டவுனுக்கு வந்தால் மளிகைக் கடை அஞ்சடித் தூண் சிவந்துவிடும். கடைக்காரர் 'இங்கே துப்பாதீர்' என்று பலகை மாட்டினார். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. மீதிப் பேர் பலகையைக் குறி பார்த்தார்கள். அப்புறம் மைலோ டின்னில் மணல் போட்டுத் தூணில் கட்டினார். டின்னுக்குள் விழ ஆரம்பித்தது. விழிப்புணர்வு பற்றிய என் கருத்து அந்தப் பலகையோடு முடிந்தது.

குண்டு பல்பையே பாருங்கள். தின்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாகாது, மீதியெல்லாம் சூடு. அம்மா அதைக் கோழிக்குஞ்சுக் கூட்டில்தான் தொங்கவிடுவார். மலேசிய அரசாங்கம் 2014 வாக்கில் அதன் விற்பனையை நிறுத்தியது. ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் கேட்டேன். "இனிமே வராது லா" என்று எல்இடியை நீட்டினார். பூமி சூடாவது பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாங்கி வந்தேன். ஏர்கோன், ஐஸ்பெட்டி, காற்றாடிக்கும் 2013 முதல் குறைந்தபட்சத் திறன் விதி உண்டு; அதற்குக் கீழே உள்ளது கடைக்கே வரக்கூடாது.

2025 சனவரியில் நடப்புக்கு வந்த எரிசக்திச் சட்டம் பெரிய ஆட்களைப் பிடிக்கிறது. வருடத்துக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் அளவுக்கு எரிப்பவர்கள் எரிசக்தி மேலாளரை வைத்து, தணிக்கையும் செய்தாக வேண்டும். நல்லதுதான். அந்த மேலாளர் முதல் வேலையாக 'விளக்கை அணைக்கவும்' என்று பலகை மாட்டாமல் இருந்தால் சரி.

அந்த மளிகைக் கடை இப்போது கைப்பேசிக் கடை. தூணுக்கு எத்தனையோ முறை சாயம் அடித்துவிட்டார்கள். மழைக் காலத்தில் சிவப்பு இன்னும் தெரிகிறது.