வெற்றிடத்தின் குவாண்டம் அலைவுகளால் அளக்கத்தக்க விசை உண்டாகுமா?

உண்டாகும். மின்னேற்றம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக, இணையாக வைத்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948இல் டச்சு இயற்பியலாளர் ஹென்ட்ரிக் கேசிமிர் கணித்துக் காட்டினார்.

குவாண்டம் கோட்பாட்டின்படி, ஒளியே இல்லாத வெளியிலும் மின்காந்தப் புலம் முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. ஒவ்வோர் அலைநீளத்திலும் ஒரு குறைந்தபட்ச அலைவு எஞ்சியிருக்கிறது. தகடுகளுக்கு இடையிலோ, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைகளுக்கு மட்டுமே இடமுண்டு என்பதால், தகடுகள் நெருங்க நெருங்க மொத்த ஆற்றல் குறைகிறது. அக்குறைவே தகடுகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும் விசையாக வெளிப்படுகிறது. இடைவெளி பாதியானால் விசை பதினாறு மடங்காகும். ஒரு மைக்ரோமீட்டர் தொலைவில் அழுத்தம் ஏறக்குறைய 0.0013 பாஸ்கல் மட்டுமே. 100 நானோமீட்டரில் 13 பாஸ்கல். மின்காந்த அலைகளை முழுமையாகப் பிரதிபலிக்கும் இலட்சிய உலோகமாகக் கொண்டால் 10 நானோமீட்டரில் வளிமண்டல அழுத்தத்தையே மிஞ்சிவிடும்.

இதை அளப்பது எளிதன்று. 1958இல் இயற்பியலாளர் ஸ்பார்னேயின் சோதனை கணிப்போடு முரண்படவில்லை என்றாலும், அதில் பிழை வரம்பு மிகப் பெரிதாக இருந்தது. தகடுகளை இணையாக நிறுத்துவதே பெருஞ்சிக்கல் என்பதால், 1997இல் இயற்பியலாளர் லாமோரோ ஒரு தட்டைப் பரப்பையும் ஒரு வளைந்த பரப்பையும் எடுத்துக்கொண்டு, முறுக்கு ஊசலின் (மெல்லிய கம்பி முறுகுவதைக் கொண்டு மிகச் சிறு விசைகளை அளக்கும் கருவி) துணையால் சுமார் ஐந்து விழுக்காட்டுத் துல்லியத்தில் விசையை உறுதிசெய்தார். என் பார்வையில், ஐயத்துக்கு இடமின்றி விசையை நிலைநாட்டிய சோதனை இதுவே.

ஆனால் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும்: இதே விசையை, வெற்றிட ஆற்றலைக் குறிப்பிடாமலே, உலோகங்களிலுள்ள மின்னூட்டங்களுக்கும் மின்னோட்டங்களுக்கும் இடையிலான குவாண்டம் இடைவினையாகவும் கணக்கிடலாம். எனவே விசை மெய்யானது என்பதில் ஐயமில்லை. அது மட்டுமே வெற்றிட ஆற்றல் தனித்து இருப்பதற்கான சான்றாகிவிடாது.