இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் வரலாற்றில், ராஜா, பிரபு, கோட்டை எல்லாம் இல்லாமல், உங்களை மிகவும் பாதித்தது எது?

பர்ஸ்டன். நார்ஃபோக் மாவட்டத்தில் டிஸ் என்ற சின்ன நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கிராமம். அந்த ஊர் வரலாற்றின் நாயகர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான், அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

1911-ல் ஊர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தவர் ஆனி ஹிக்டன், எல்லோருக்கும் கிட்டி. கணவர் டாம் அதே பள்ளியில் உதவி ஆசிரியர். முன்பு வேலை பார்த்த வுட் டாலிங் என்ற ஊரிலேயே, அறுவடை வந்தால் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வயலுக்கு இழுத்துக்கொண்டு போவதை எதிர்த்துப் பண்ணையார்களின் பகையைச் சம்பாதித்தவர்கள். பர்ஸ்டனிலும் டாம் பண்ணைக் கூலிகளைச் சங்கத்தில் சேர்த்தார். 1913 ஊராட்சித் தேர்தலில் அவர் ஜெயித்தார், ஊர்ப் பாதிரியார் தோற்றார். அந்தப் பாதிரியார்தான் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவரும்கூட. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மழையில் நனைந்து, தூரத்திலிருந்து நடந்து வந்த பிள்ளைகளின் துணியைக் காயவைக்க அனுமதி கேட்காமல் அடுப்பு மூட்டினார் என்பது கிட்டி மேல் வந்த புகார்களில் ஒன்று. இதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு சிறுமிகளைப் பிரம்பால் அடித்தார் என்றும் குற்றம் சாட்டினார்கள், அவர் மறுத்தார். விசாரணை நடந்தது, இருவருக்கும் வேலை போனது.

வயலட் பாட்டர் என்ற பதின்மூன்று வயதுப் பெண் கரும்பலகையில் நாளை வேலைநிறுத்தம் என்று எழுதிவைத்தாள். 1914 ஏப்ரல் 1 காலை, பள்ளியில் இருந்த 72 பிள்ளைகளில் 66 பேர், எங்கள் டீச்சர் திரும்ப வேண்டும் என்ற அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள்.

ஒருநாள் கூத்து என்றுதான் மேலே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் ஊர்ப் புல்வெளியிலேயே வகுப்பு ஆரம்பித்தது, பிறகு ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததற்காகப் பெற்றோருக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது, நன்கொடை திரட்டி அதைக் கட்டினார்கள். தேவாலய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்களைப் பாதிரியார் வெளியேற்றினார். இங்கே ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அந்தக் காலப் பண்ணைக் கூலிகள் பலர் குடியிருந்தது பண்ணையார் கொடுத்த வீட்டில், வேலை போனால் கூரையும் போகும், அப்படிப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளின் டீச்சருக்காக இந்த அளவுக்குத் துணிந்து நின்றார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது.

சுரங்கத் தொழிலாளர், ரயில்வே தொழிலாளர் என்று நாடெங்கும் இருந்து சங்கங்கள் பணம் அனுப்ப, 1917-ல் புல்வெளி ஓரத்திலேயே சொந்தக் கட்டடம் எழும்பியது. திறந்து வைத்தவள் அதே வயலட். கட்டடத்தின் முகப்புக் கற்களில் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. எங்கேயோ நிலக்கரி வெட்டியவர்களின் சங்கக் கிளை ஒன்றின் பெயர், அவர்கள் பார்த்தேயிராத ஒரு ஊரின் சுவரில் நிரந்தரமாக நிற்கிறது. ஊர் வரலாறு என்றால் எனக்கு இனி இந்தச் சுவர்தான்.

சரி, எத்தனை நாள் ஓடியது இந்தப் பள்ளி? 25 வருடம். பக்கத்திலேயே அரசுப் பள்ளி நடந்துகொண்டிருக்க, முதலில் ஊர்வலம் போன பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் இது நடந்தது. 1939-ல் டாம் இறந்தபோதுதான் மூடினார்கள். பிரிட்டனின் மிக நீண்ட வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். கட்டடம் இப்போது அருங்காட்சியகம். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை தொழிற்சங்கக்காரர்கள் கூடி, அந்தப் பிள்ளைகள் போன அதே வழியில் நடக்கிறார்கள்.

கிட்டி 1946-ல் இறந்தார். அவரும் டாமும், எந்தத் தேவாலயத்தின் பாதிரியார் அவர்களை வெளியே அனுப்பினாரோ, அதே தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.