கோலினும் யூரியாவும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆழ் யூட்டெக்டிக் கரைப்பான்களை, அதாவது கலந்ததும் உருகுநிலை வெகுவாக இறங்கித் திரவமாகிவிடும் கலவைகளை, பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கொழிஞ்சாம்பாறையில் கோழித்தீவனக் கடை வைத்திருப்பதால் கோலின் குளோரைடு எனக்குப் பழகிய சரக்கு. அதை யூரியாவோடு கலந்தால் இரண்டு திடப்பொருள்களும் திரவமாகின்றன, அதற்கு ஹைட்ரஜன் பிணைப்பே காரணம் என்கிறீர்கள். பிணைப்பு வலுத்தால் இறுகத்தானே வேண்டும்? கடைச் சரக்கையும் உர யூரியாவையும் வைத்தே பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்ட முடியுமா?

வே. மா.

அன்புள்ள வே. மா.,

உங்கள் ஐயம் நியாயமானது. யூரியாப் படிகத்தில் ஒவ்வோர் ஆக்ஸிஜனும் அண்டை மூலக்கூறுகளிடமிருந்து நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்று நிற்கிறது. அந்த ஒழுங்கு குலைய 133 பாகை செல்சியஸ் வேண்டும். கோலின் குளோரைடு உள்ளே வந்ததும், குளோரைடு அயனி யூரியாவின் என்-எச் தொகுதிகளையும் கோலினின் ஓ-எச் தொகுதியையும் தன்பக்கம் இழுக்கிறது. யூரியாக்களுக்கு இடையிலான பிணைப்பும் ஓரளவு நீடிக்கிறது. ஆற்றலில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடாத இத்தனை வகைப் பிணைப்புகள் ஒரே நேரத்தில் அமையும்போது, எந்த ஓர் அடுக்கும் மேலோங்கிப் படிகமாக உறைவதில்லை. பிணைப்பு ஏராளமாக உண்டு, நிலையான ஒழுங்குதான் இல்லை.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபாட்டின் குழு 2003-இல் இந்தக் கலவையை அறிவித்தபோது, 1:2 மோல் விகிதத்தில் (ஒரு கோலின் குளோரைடுக்கு இரண்டு யூரியா மூலக்கூறு) உறைநிலை 12 பாகை என்றது. நன்றாக உலர்த்திப் பின்னர் அளந்தவர்களுக்கு அது 30 பாகையை ஒட்டி வந்தது. ஈரம் அவ்வளவு தூரம் இறக்கிவிடுகிறது. கோலின் குளோரைடின் உருகுநிலையான 302-உம் யூரியாவின் 133-உம் 12 ஆயிற்று என்று வியந்து, முழு இறக்கத்தையும் ஹைட்ரஜன் பிணைப்பின் கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. எந்த இரு பொருளும் கலந்தாலே உருகுநிலை இறங்கும். அதைக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் பிணைப்பின் பங்கு.

ஒரு பிணைப்பு அறுந்து மறுபடி அமைவது பிகோசெகண்டு (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவிலான காரியம். ஆயினும் அறுந்த மூலக்கூறு சுற்றியுள்ளவர்களைத் தாண்டிப் போக முடியாமல் பழைய இடத்திலேயே திரும்பப் பிணைந்துவிடுவதால், அறை வெப்பத்தில் இக்கலவையின் பாகுத்தன்மை நீரினுடையதைப் போல் பல நூறு மடங்காக இருக்கிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை இட்டு நியூட்ரான் சிதறலில் ஆராய்ந்தவர்கள், எடையில் 42 விழுக்காடு வரை நீர் சேர்ந்தும் இந்த அமைப்பு பெரும்பாலும் குலையாமல் இருப்பதைக் கண்டனர். அதற்கு மேல் அது வெறும் நீர்க்கரைசலாகிவிடுகிறது.

உங்கள் சரக்கை வைத்துச் செய்துகாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூளாக வரும் தீவனக் கோலின் பெரும்பாலும் மக்காச்சோளக் கட்டைப் பொடியில் ஏற்றப்பட்டது. அந்தப் பொடி உருகாது. உர யூரியாவிலோ வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஆய்வகத் தூய்மையில் 140 கிராம் கோலின் குளோரைடும் 120 கிராம் யூரியாவும் எடுத்து, 80 பாகையில் தெளியும் வரை கிளறச் சொல்லுங்கள். அதற்கு மேல் சூடேற்றினால் யூரியா சிதைந்து அம்மோனியா நாற்றம் வரும். இடவப்பாதி மழைக்காலத்தில் வேண்டாம், கோலின் நம் ஊர்க் காற்றிலேயே கசிந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நேராக விடை தரும் சோதனை கிளிசரினில் இருக்கிறது. 140 கிராம் கோலின் குளோரைடை 184 கிராம் கிளிசரினில் மெல்லச் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டு, தனிக் கிளிசரினோடு பக்கத்தில் வைத்துச் சாய்த்தால், உப்பு சேர்ந்ததுதான் விரைந்து ஓடும். கிளிசரின் தனக்குள் பின்னியிருந்த வலையைக் குளோரைடு கலைத்துவிடுகிறது.